கரையில் நின்ற படகுக்கு எழுபத்திரண்டு அடி ஆழம்

“கடலுக்குப் போறவங்களுக்கு மெஷின் பார்க்கத் தெரியல சார். அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?”

கடந்த திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். போனில் என்னிடம் இப்படிச் சொன்னவர் ஒரு டீலர். படகில் பொருத்தும் சோனார் கருவி விற்பவர். ‘ஃபிஷ் ஃபைண்டர்’ என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார். ஊர் வேண்டாம், பெயரும் வேண்டாம். அவர் ஒருவரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? அந்த வாக்கியத்தைச் சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதென்ன பத்து மணி பத்து நிமிடம் என்கிறீர்களா? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எதற்கும் கிழமையும் மணியும் குறித்து வைக்கிற வியாதி எனக்கு. “அவருக்குத் தும்மல் வந்தாக்கூட டைரியில ஏறும்” என்பது என் மனைவியின் விமர்சனம். இருக்கட்டும். அந்த வியாதி இந்த முறை ஒரு படகுக்கு உதவியது. ஆனால் உதவுவதற்கு முன்னால் நான் செய்த உபத்திரவமும் ஒன்று உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் திருவரங்குளம். கடலுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. மீன் என்றால் சந்தையில் ஐஸ் மேல் கிடப்பது என்று நினைத்து வளர்ந்தவன். பழைய கப்பல் பயணக் குறிப்புகளைப் படிக்கிற பைத்தியம் பிடித்தபோது, கரையில் காற்றுகளுக்கு என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ள மணமேல்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்கே கிடைத்த நண்பர் காளிமுத்து. பைபர் படகு வைத்திருக்கிறார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அன்று முதல் அவருக்கு நான் “அண்ணே”.

ஒரு மாதம் முன்பு காளிமுத்து போன் செய்தார்.

“அண்ணே, கடலுக்கு அடியில பாக்குற மிசினு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீங்க கூட வந்து படிச்சுப் பாத்துச் சொல்லணும்.”

“மீன் எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா காளி?”

“மீன் எங்கிட்டு இருக்கும்னு எனக்குத் தெரியும்ணே. வலையக் கிழிக்கிற கல்லு எங்கிட்டு இருக்குன்னுதான் தெரியல.”

போன வருடம் மட்டும் மூன்று முறை அவர் வலை ஏதோ ஒரு பாறையில் மாட்டிக் கிழிந்திருக்கிறது. கடலடியில் இருக்கும் பாறைத் திட்டை அவர்கள் ‘பார்’ என்பார்கள். பார் இருக்கும் இடம் தெரிந்தால் வலையை நகர்த்திப் போடலாம். நியாயமான ஆசை. நான் போனேன். விளக்கக் கையேட்டைப் புரட்டினேன். எத்தனையோ நாட்டு மொழிகள் அதில் இருந்தன. நான் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மொழிகள். தமிழ் மட்டும் இல்லை. இந்தக் கடற்கரையில் இதை வாங்குகிறவர்கள் என்ன மொழி பேசுவார்கள் என்று அந்தக் கம்பெனியில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

இங்கிலீஷ் பக்கத்தைப் படித்து, “வாங்கலாம்” என்றேன்.

வாங்கியாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு டெக்னீஷியன் வந்தார். முப்பது வயது இருக்கும். வந்ததிலிருந்தே அவசரம். அன்றைக்கே இன்னும் இரண்டு படகுகளுக்கு மாட்ட வேண்டுமாம்.

கருவி இரண்டு பாகம். ஒன்று, தண்ணீருக்குள் இருக்க வேண்டிய சென்சார். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். அது கீழே ஒலியை அனுப்பும். ஒலி தரையில் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்து ஆழம் தெரியும். நடுவில் மீன் குறுக்கிட்டால் திரையில் புருவம் மாதிரி ஒரு வளைவு விழும். இரண்டாவது பாகம் அந்தத் திரை. ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும்.

டெக்னீஷியன் சென்சாரைப் படகின் பின்பக்கம், அடிமட்டத்துக்கும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து ஸ்க்ரூ போடப் போனார். அப்போது கருப்பையா குறுக்கே வந்தார்.

கருப்பையாவைச் சொல்லிவிடுகிறேன். காளிமுத்து படகில் மூத்த ஆள். ஐம்பத்தைந்து வயது. எல்லாருக்கும் மாமா. ஈயக்குண்டு கட்டிய ஒரு கயிறு வைத்திருக்கிறார். அதைத் தண்ணீரில் இறக்கி, தரை தட்டியதும் இழுத்து, இரண்டு கையையும் விரித்து அளப்பார். ஒரு விரிப்பு ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. குண்டின் அடியில் ஒட்டி வருவது சேறா, மணலா, சிப்பியா என்று பார்த்து எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார். படகில் இன்னும் இரண்டு பேர் உண்டு. அண்ணன் தம்பிகள். மாமா ஏறினால் ஏறுவார்கள், இறங்கினால் இறங்குவார்கள்.

“தம்பி, இது சேத்துல உக்காருற படகு” என்றார் கருப்பையா. “கடல் வத்துனா அடி தரையில தட்டும். இப்பிடி நீட்டிக்கிட்டு இருந்தா மொத நாளே ஒடிஞ்சு கையில வந்துரும்.”

“கம்பெனி படத்துல இப்படித்தாங்க இருக்கு.”

“படத்துல கடல் வத்துமா?”

எல்லோரும் சிரித்தார்கள். டெக்னீஷியன் சிரிக்கவில்லை. கடைசியில் கருப்பையா சொன்னபடியே, மடக்கித் தூக்கிவிடுகிற மாதிரி ஒரு கீல் வைத்துப் பொருத்தினார்கள். இன்றுவரை ஒடியாமல் இருப்பது அதனால்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா — இந்தப் படகைப் பற்றித் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று?

இன்ஜின் வயரோடு சேர்க்காமல் தனியாக கேபிள் இழுத்து, பேட்டரியில் ஃபியூஸ் வைத்து, திரையை மாட்டி சுவிட்சைப் போட்டார். அடடா! நீலத் திரை. அடியில் மேடும் பள்ளமுமாகத் தரை. நடுவில் கூட்டம் கூட்டமாக மீன்கள். மேல் ஓரத்தின் நடுவில் ஆழம்: எழுபத்திரண்டு.

படகு நின்றது தொடையளவுத் தண்ணீரில்.

“இது சும்மா சாம்பிளுங்க. கடலுக்குள்ள போனதும் தானா மாறிடும்” என்றார் டெக்னீஷியன். ஒரு தாளில் காளிமுத்துவிடம் கையெழுத்து வாங்கினார். டூல்ஸ் பையைத் தூக்கினார். பத்து ஐம்பதுக்குக் கிளம்பிவிட்டார். நான் குறித்து வைத்திருக்கிறேன். மாட்டுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். சொல்லிக்கொடுப்பதற்கு? நான்கு நிமிடம்.

அவர் போனதும் காளிமுத்துவின் மனைவி பஞ்சவர்ணம் வந்தார். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமம், சூடம், எலுமிச்சம்பழம். இந்தப் பக்கம் புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் பொட்டு வைக்காமல் தொடமாட்டோம். சைக்கிளோ, மோட்டாரோ, மிக்சியோ. திரையின் நாலு மூலையிலும் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அப்படி வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அதுவாக உதிரும்வரை இருக்கும். உப்புத்தண்ணீர் படக் கூடாது என்று திரையின் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவரை இழுத்துக் கட்டினார் காளிமுத்து. ஆக, பொட்டு அதுவாக உதிரவும் வழியில்லை.

மறுநாள் கடலுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை மாலை காளிமுத்துவிடமிருந்து போன். “அண்ணே, ஒரு சந்தேகம். மாமா கயித்துல நாலரை பாகம்ங்குறாரு. மிசினு எழுவத்திரண்டு, எழுவத்தஞ்சுன்னு காட்டுது. இங்கிட்டு பாரே கெடையாது, முப்பது வருசமா வலை போடுற எடம்னு மாமா சொல்றாரு. மிசினுல பெரிய மேடா தெரியுது. எதை நம்புறது?”

நான் டீலருக்குப் போன் போட்டேன்.

“அது அடி சார், மீட்டர் இல்ல” என்றார்.

அடி என்றாலும் பன்னிரண்டு பாகம் ஆகிறதே? நாலரை எங்கே, பன்னிரண்டு எங்கே?

“கயிறு நேரா இறங்காது சார். நீரோட்டத்துல சாஞ்சு போகும். அதை வச்சு அளந்தா தப்பாத்தான் வரும். இது சயின்ஸ். நீங்க படிச்சவங்க, நீங்களே எடுத்துச் சொல்லுங்க.”

படிச்சவங்க என்று சொன்னதும் மனசு குளிர்ந்துவிட்டது! உடனே காளிமுத்துவைக் கூப்பிட்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி, “கயிறு சாயும் காளி. மெஷினை நம்புங்க” என்றேன்.

வாசகர்களே, ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். நேராக ஒரு கோடு கீழே இழுங்கள். அதே புள்ளியிலிருந்து சாய்வாக இன்னொரு கோட்டைத் தரைவரை இழுங்கள். எது நீளம்? சாய்ந்த கோடுதானே? கயிறு சாய்ந்தால் ஆழத்தைக் கூட்டிக் காட்டுமே தவிர, குறைத்துக் காட்டவே காட்டாது. எட்டாம் வகுப்புக் கணக்கு! இது எனக்கு எப்போது உறைத்தது தெரியுமா? வியாழக்கிழமை, குளித்துக்கொண்டிருக்கும்போது. உறைத்ததும் காளிமுத்துவைக் கூப்பிட்டேனா? இல்லை. ‘மெஷினுக்கு வேறு ஏதாவது கணக்கு இருக்கும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மனிதர் முப்பது வருடமாகக் கையால் தொட்டுப் பார்த்த தரையைவிட, ஒன்பது அங்குலத் திரை எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அந்த வாரம் கடலில் நடந்தது இதுதான். மெஷின் மேடு காட்டிய இடத்தையெல்லாம் பார் என்று நம்பி காளிமுத்து ஒதுங்கிப் போனார். மெஷின் மீன் காட்டிய இடத்திலெல்லாம் வலையை இறக்கினார். வலையில் வந்தது கொஞ்சம் காரல் பொடிமீன், நிறையப் பாசி. கரையில் அவருக்குப் புதுப் பெயர் விழுந்துவிட்டது — டிவிக்காரர். “என்ன டிவிக்காரரே, இன்னைக்கு என்ன படம்?” என்று பக்கத்துப் படகுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை நடுக்கடலில் சண்டை வந்துவிட்டது. கருப்பையா வழக்கம்போலக் கயிற்றை இறக்கி, “நாலரை பாகம். அடி சேறு. கல்லும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இங்கேயே போடு” என்றிருக்கிறார். ஆறு நாள் எரிச்சலும் சேர்ந்து காளிமுத்துவுக்கு வாய் தவறிவிட்டது.

“மாமா, அந்தக் கயித்தத் தூக்கிக் கடல்ல போடுங்க. இனிமே மிசினுதான்.”

கருப்பையா கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். கரை சேர்ந்ததும் இறங்கினார். “செவ்வாக்கெழமையில இருந்து வேற படகுக்கு வாரேன்னு சொல்லிட்டேன்” என்று பஞ்சவர்ணத்திடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஞாயிறு ஒரு நாள் வருகிறோம், அப்புறம் மாமா எங்கேயோ நாங்களும் அங்கேயே என்று சொல்லிவிட்டார்கள். ஆள் இல்லாத படகு எங்கே போகும்? கயிற்றில் கட்டி ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பஞ்சவர்ணம்தான் எனக்குப் போன் செய்தார். “அண்ணே, மிசின நம்பச் சொன்னது நீங்கதானாமே? வந்து நீங்களே பாருங்க.” குரலில் மரியாதை இருந்தது. மரியாதைக்குள் ஊசியும் இருந்தது.

சனிக்கிழமை மாலையே பஸ் ஏறினேன். அறந்தாங்கியில் மாறி, இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். ஞாயிறு விடிவதற்கு முன்பே படகில் ஏறினேன். காளிமுத்து, அண்ணன் தம்பிகள், நான், என் நோட்டு, என் வாட்ச். ஒரு மணி நேரத்தில் என் வயிறு கடலோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது. அதை விடுங்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பழக்க தோஷம், மணி போட்டு எழுதிக்கொண்டும் வந்தேன்.

ஆறு பன்னிரண்டு: இரண்டு பெரிய வளைவு, பிறகு ஒரு மேடு, பிறகு புகை மாதிரி பொடிமீன் கூட்டம்.

ஆறு பத்தொன்பது: இரண்டு பெரிய வளைவு, ஒரு மேடு, புகை மாதிரி கூட்டம்.

ஆறு இருபத்தாறு: இரண்டு வளைவு. மேடு. புகை.

நோட்டை மூடிவிட்டு வாட்சை மட்டும் பார்த்தேன். ஆறு முப்பத்து மூன்றுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வந்தது.

ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை அதே இரண்டு மீன், அதே இடைவெளியில், அதே வரிசையில் வருமா? டவுன் பஸ்ஸே அப்படி வருவதில்லை!

“காளி, இன்ஜினை நிறுத்துங்க. அப்படியே நிக்கட்டும்.”

நிறுத்தினார். படகு நின்றது. திரையில் மட்டும் மேடு நகர்ந்துகொண்டே இருந்தது. நாங்கள் நிற்கிறோம், கடலடி ஓடுகிறது!

காளிமுத்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்ஜினை மறுபடி கிளப்பினார். கரைக்குத் திரும்பினோம்.

நாங்கள் வந்தபோது கடல் வற்றிவிட்டது. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. சென்சாரை மடக்கித் தூக்கினார் காளிமுத்து. அது வெயிலில், காற்றில் தொங்கியது. நான் திரையை எட்டிப் பார்த்தேன். ஆழம் எழுபத்து மூன்று. மீன்கள் சந்தோஷமாக நீந்திக்கொண்டிருந்தன.

கூடை எடுத்துக்கொண்டு வந்த பஞ்சவர்ணமும் எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, சேத்துக்குள்ளயா எழுவத்து மூணு அடி? மீனு எங்க நீந்துது, நண்டு வளையிலயா?”

பிளாஸ்டிக் கவரை அவிழ்த்தேன். திரையின் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. படிக்காமல் பாக்கி இருந்தது நாலு மூலைகள்தான். பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன்.

“பொட்டைக் கொஞ்சம் எடுக்கலாமா?”

அவர் முகம் மாறியது. பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்துத் தானே துடைத்தார். வலது மேல் மூலையில், காய்ந்த சந்தனத்துக்கு அடியில், சின்ன இங்கிலீஷ் எழுத்தில் ஒரே ஒரு சொல்.

‘டெமோ’.

கடைக்கு வருபவர்களுக்குக் காட்டுவதற்காக உள்ளேயே பதிந்து வைத்திருக்கும் பொய்ப் படம் அது. பொய்க் கடல், பொய் மீன், பொய்ப் பார். அதை யாராவது நிறுத்தினால்தான் கருவி நிஜக் கடலைப் பார்க்கத் தொடங்கும். தானாக மாறவே மாறாது. மெனுவுக்குள் போய் இரண்டு பட்டனை அழுத்தினேன். பத்து செகண்ட் ஆகியிருக்குமா? மீன்கள் மறைந்தன. ஆழம் காட்டிய இடத்தில் வெறும் கோடுகள். தண்ணீர் இல்லாத இடத்தில் அதுதானே நியாயம்?

பத்து செகண்ட் வேலை. அதைச் செய்யாமல் போனதால் ஒரு வாரக் கடல் போயிற்று. ஒரு மனிதரின் பெயர் கெட்டது. இன்னொருவர் படகைவிட்டே இறங்கினார்.

திங்கள் காலை டீலரைக் கூப்பிட்டது இதற்காகத்தான். காளிமுத்து வீட்டு வாசலில் நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். நடந்ததைக் கிழமை, மணியோடு சொன்னேன். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது — மெஷின் பார்க்கத் தெரியவில்லையாம்.

“உங்க ஆள் டெமோவை நிறுத்தலையே சார்?”

“ஸ்க்ரீன்லயே எழுதியிருக்குமே சார். அதை மறைச்சுப் பொட்டு வச்சது யாரு? எங்க ஆளா வச்சாரு? பயிற்சி குடுத்தாச்சுன்னு கையெழுத்து வேற இருக்கு. இந்த ஜனங்களுக்கு எவ்வளவு நல்ல பொருள் குடுத்தாலும் சந்தனம் பூசி, சூடம் காட்டி—”

பஞ்சவர்ணம் போனைப் பிடுங்கிவிட்டார்.

“ஏன் சார், கடலுக்கு அடியில பாக்குற மிசினுன்னுதான வித்தீங்க? சந்தனத்துக்கு அடியில இருக்குறத அதால சொல்ல முடியலையா? என் வீட்டுப் பொருளுக்கு நான் பொட்டு வைப்பேன். ஒங்க ஆளு வேலைய முடிச்சிட்டுப் போயிருந்தா பொட்டுக்கு அடியில என்ன இருந்தா ஒங்களுக்கென்ன? தானா மாறும்னு சொல்லிட்டுப் போனாரே, பொட்டா சொல்லுச்சு அப்பிடி?”

“ஆளை அனுப்புறேன்மா” என்றார் டீலர்.

“அனுப்ப வேணாம். சரி பண்ணியாச்சு. ஆள அனுப்புறதா இருந்தா, எங்க படகவிட்டு எறங்கிப் போன ஆள அனுப்புங்க.”

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் நான் யார் கைதட்ட? ‘மெஷினை நம்புங்க’ என்று போனில் சொன்ன மகான் நான்தானே?

கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மெஷின் மீது இல்லை. மெஷின் நல்ல மெஷின். ஞாயிறு மதியம் கடல் ஏறியதும் மறுபடி போய்ச் சோதித்துப் பார்த்தோம். அளவு அடியில் வேண்டுமா, மீட்டரில் வேண்டுமா என்று கேட்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. ஆறடிக்கு ஒன்று என்று எண்ணுகிற அளவு. உலகத்து மாலுமிகள் எல்லாம் பயன்படுத்தியது. அசல் நம் பாகம்! அதை வைத்தேன். கருப்பையா சனிக்கிழமை கயிறு இறக்கிய அதே இடம். திரையில் தெரிந்தது: நாலு புள்ளி ஐந்து. தரை வழவழவென்று சேறு. கல்லும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

கோபம் எதன் மீது தெரியுமா? மெஷினுக்கும் மனிதருக்கும் கணக்கு உதைத்தால் முதலில் திட்டு வாங்குவது மனிதர்தான் என்ற வழக்கத்தின் மீது. ரேஷன் கடையில் பாருங்கள். களை பறித்தும் கல் உடைத்தும் ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காது. “கையை நல்லாத் தொடச்சிட்டு வைம்மா” என்று அந்த அம்மாளைத்தான் அதட்டுவார்கள். தேய்ந்த விரலைப் படிக்கத் தெரியாத பெட்டியை யாராவது அதட்டிப் பார்த்திருக்கிறீர்களா? விராலிமலையில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். பஸ் போய்விட்டது என்கிறது போன். கண்ணெதிரே அதே பஸ் வருகிறது. நம்மில் எத்தனை பேர் கையைக் காட்டுவதற்கு முன் ஒரு தடவை போனைத் திரும்பப் பார்க்கிறோம்?

சரி. கருப்பையாவுக்கு வருவோம்.

திங்கள் மாலை ஐந்து மணிக்கு மீன் ஏலக் கூடத்தில் இருந்தார். புதுப் படகுக்காரரின் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். விடிந்தால் அதில் ஏற வேண்டும். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். காளிமுத்துவும் நானும் போனோம். காளிமுத்து வாசல் தூண் பக்கமே நின்றுவிட்டார்.

நான் நேராகப் போய், எல்லோரும் கேட்கும்படியே சொன்னேன். “நீங்க சொன்ன நாலரை பாகம்தான் சரி. மெஷின் காட்டுனது பொய்ப் படம். கயிறு சாயும்னு காளிகிட்டச் சொன்னது நான். தப்பு என் மேல.”

கருப்பையா வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நாலரைங்கிறது எனக்குத் தெரியும்ங்க. அதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீங்க?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவன் நெனச்சான். அதுல தப்பில்ல. நீங்க ஒரு தடவ எங்கிட்டப் பேசியிருக்கலாம். என்கிட்டயும் போனு இருக்கு.”

அந்த ஒரு வாரத்தில் டீலருக்கு நாலு தடவை, கஸ்டமர் கேருக்கு இரண்டு தடவை, காளிமுத்துவுக்கு எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். எல்லாம் என் டைரியில் இருக்கிறது. கருப்பையாவுக்கு? ஒரு தடவைகூட இல்லை.

“அவன் எதுக்குத் தூணுக்குப் பின்னால நிக்கிறான்? கலியாணப் பொண்ணா?”

காளிமுத்து வந்தார். மன்னிப்பு கேட்பார் என்று எதிர்பார்த்தேன். மாமா, தெரியாமச் சொல்லிட்டேன் — இப்படி ஏதாவது. அவருக்கு அது வாயில் வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு வாடைக் காற்று அடிக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“மாமா, நாளைக்கு வடக்க போனா தண்ணி எத்தன பாகம் இருக்கும்?”

கருப்பையா கை நின்றது. வலைக்குச் சொந்தக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் நல்லவர். “போங்கண்ணே, நான் வேற ஆள் பாத்துக்குறேன்” என்று வலையை வாங்கிக்கொண்டார்.

“இங்க ஒக்காந்துகிட்டு எப்பிடிடா சொல்றது?” என்றார் கருப்பையா, எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே. “அங்கிட்டு வந்துதான் சொல்லணும்.”

கேட்க வேண்டிய ஆள் அதே படகில்தான் உட்கார்ந்திருந்தார். நாங்கள்தான் கஸ்டமர் கேர் போனில் தமிழுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தோம்!